எந்திரன் யாருக்குச் சொந்தம்?

ஒரு திரைப்படம் எத்தனை கோடி வசூலிக்கும் என்று முன்கூட்டியே சொல்வது நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் ஒன்பதாம் வாய்பாட்டைக் கேட்டால் நடுவில் ஓரிடத்தில் தடுமாறுவான். அவனிடமே நாளை வெளிவரவிருக்கும் படத்தின் முதல்நாள் வசூலைக் கேட்டால் தயக்கமின்றி ஓர் எண்ணைச் சொல்வான். நாயகனின் முந்தைய படம் எவ்வளவு ஈட்டியது, தயாரிப்புச் செலவு என்ன, எந்தத் திருநாளில் வருகிறது என்பவையெல்லாம் அவன் விரல்நுனியில் இருக்கும். அந்தக் கதையை எழுதியவர் யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அக்கேள்விக்கு வகுப்பில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

இதற்காகப் பிள்ளைகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. பெரியவர்களாகிய நாம் வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் பேசுவதைத்தான் அவர்களும் பேசுகிறார்கள். ஆயினும் மொழி கற்பிக்கும் ஒருவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஆகவே நம் பிள்ளைகள் நன்கறிந்த ஒரு வீரனை எடுத்துக்கொண்டு, அவன் பெற்ற வெற்றி எவ்வாறு கணிக்கப்பட்டது, அவன்மீது எழுந்த உரிமைப் பிணக்குகள் என்னவாயின என்று ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அவ்வீரன் 'எந்திரன்' படத்தின் சிட்டி. தமிழ்த்திரை தந்த மாவீரர்களுள், அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்களோடு ஒப்பிடத்தக்க புகழ் பெற்றவன் அவன்.

கணிப்பின் அடிப்படை

எங்கள் பெக்கான் நானாஸ், பெயரிலேயே அன்னாசியைக் கொண்ட ஊர். இங்குள்ள பயிர்க்காரருக்குக் கணிப்பு புதிதன்று. பூக்கத் தூண்டும் மருந்தைச் செடிக்கு ஊற்றிய நாளைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து நான்கைந்து மாதங்களில் அறுவடை என்று கணக்கிடுவார். செடிகளை எண்ணினால் காய்களின் தொகையும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். மழை மிகுவதும் சந்தை விலை சரிவதும் அவர் கையில் இல்லை. அவற்றுக்கும் சிறிது இடம் விட்டே அவர் தொகையைச் சொல்லுவார்.

திரைத்துறையின் கணிப்பும் இத்தகையதே. நாயகரின் செல்வாக்கு, இயக்குநரின் முந்தைய வெற்றி, செலவு, வெளியீட்டு நாள், திரையரங்குகளின் எண்ணிக்கை ஆகியவை எண்ணிச் சொல்லத்தக்கவை. படம் நன்றாக இருக்குமா என்பது மட்டும் முன்கூட்டி எண்ண முடியாதது. 2002இல் வெளிவந்த 'பாபா' இதற்குச் சான்று. அதன் நாயகனுக்கும் மனித ஆற்றலைக் கடந்த வரங்கள் உண்டு. ரஜினிகாந்த் நடித்த படம் என்பதால் அனைவரும் பெருவெற்றியையே எதிர்பார்த்தனர். எதிர்பார்ப்பு பொய்த்தது. இழப்புற்ற விநியோகத்தாருக்கு ரஜினிகாந்தே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2008இல் வந்த 'குசேலன்' படத்திலும் விநியோகத்தார் ஈடு கேட்கும் நிலை வந்தது. இடையில் 2007இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'சிவாஜி' மாபெரும் வெற்றி பெற்றது. மூன்றிலும் ரஜினிகாந்த் இருந்தார். விளைவுகளோ வேறுபட்டன.

கை மாறிய எந்திரன்

'ரோபோ' என்னும் பெயரில் இக்கதையைப் படமாக்க ஷங்கர் முதலில் நாடியது கமல்ஹாசனை. அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் ஷாருக்கானிடம் பேச்சு நடந்து, அதுவும் முறிந்தது. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரஜினிகாந்த் ஒப்புக்கொண்டார். உரையாடலில் பங்காற்றிய எழுத்தாளர் சுஜாதா அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். எந்திரங்களையும் அறிவியலையும் தமிழ் வாசகருக்கு எளிய நடையில் அறிமுகப்படுத்திய அவர், தாம் பங்கேற்ற இப்படத்தைத் திரையில் காணவில்லை.

படத்தை முதலில் தயாரிக்க முன்வந்தவை ஐங்கரன் இன்டர்நேஷனல், ஈரோஸ் இன்டர்நேஷனல் ஆகிய நிறுவனங்கள். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நிதி நெருக்கடி நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் கலாநிதி மாறனின் சன் பிக்சர்ஸ் படத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் மற்றொருவர் என்றாயிற்று. இத்தகைய கைமாற்றம் நிகழும்போது பல படங்கள் பாதியில் நின்றுவிடுவதுண்டு. எந்திரன் நிற்கவில்லை. தொலைக்காட்சி அலைவரிசைகளைத் தன் குடும்பத்தில் கொண்டிருந்த நிறுவனம் பொறுப்பேற்றதனால் விளம்பரத்துக்குக் குறையேதும் இல்லாமற்போயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாடல்களின் வெளியீட்டு விழா 2010 ஜூலை 31ஆம் நாள் புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் நடந்தது. சென்னையில் எடுத்த படத்தின் பாடல்களை மலேசியாவில் வெளியிடுகிறார்கள் என்றால், கடல்கடந்த தமிழரின் நுழைவுச்சீட்டுப் பணமும் அவர்களது கணக்கில் முன்பே சேர்ந்துவிட்டது என்று பொருள். 2010 அக்டோபர் 1ஆம் நாள் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளில் படம் வெளிவந்தது. செலவு ஏறத்தாழ 132 கோடி ரூபாய் என்றும், உலகளாவிய வசூல் ஏறத்தாழ 290 கோடி ரூபாய் என்றும் செய்திகள் கூறின. வெற்றி பெறும் என்று கணித்தவர்கள் பிழைபடவில்லை.

ஒரு சிறுகதையின் வழக்கு

இனி, வசூல் பட்டியலில் இடம்பெறாத செய்திக்கு வருவோம். 1996 ஏப்ரலில் 'இனிய உதயம்' இதழில் 'ஜூகிபா' என்னும் சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் ஆரூர் தமிழ்நாடன். மனிதன் உருவாக்கிய எந்திரம் மனித உணர்வு பெறுவதைப் பற்றிய கதை அது. எந்திரன் வெளிவந்தபின், தம் கதையே தம் இசைவின்றிப் படமாக்கப்பட்டுள்ளது என்று அவர் 2010இல் சட்டத்தின் துணையை நாடினார். ஒரு கோடி ரூபாய் இழப்பீடு கோரி வழக்கும் தொடுத்தார். ஷங்கர் தரப்பு இக்குற்றச்சாட்டை மறுத்தது.

2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையியல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கதை களவாடப்பட்டது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது முடிவு. ஆனால் செய்தி அத்துடன் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் இந்திய அமலாக்கத் துறை, இதே பிணக்கை அடிப்படையாகக் கொண்டு ஷங்கருக்குரிய ஏறத்தாழ 10 கோடியே 11 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் அறிக்கை கதைக்கும் படத்துக்கும் ஒற்றுமைகள் இருப்பதாகக் கூறியதை அத்துறை சுட்டிக்காட்டியது. உரிமையியல் வழக்கு ஏற்கெனவே தள்ளுபடியாகிவிட்டதை ஷங்கர் தரப்பு எடுத்துரைத்தது. 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அம்முடக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இங்கே காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். படம் தன் வசூலை ஈட்டி முடிக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. வழக்குக்கு முடிவு கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2010இல் நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைக்கு 2023இல் இருபது வயது. வழக்குத் தொடுத்தவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நியாயம் எவர் பக்கம் இருப்பினும், பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு இரு தரப்பினருக்கும் கொடிது. எழுதியவருக்குக் கதையின்மேல் ஓர் ஐயம் நீடிக்கிறது. இயக்கியவருக்குப் பெயரின்மேல் ஒரு கறை நீடிக்கிறது.

அமெரிக்க வீரர்களின் கதை

உரிமைப் பிணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள் புத்தகப்பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் சுமந்து திரியும் ஸ்பைடர்மேன், திரைக்கு வருமுன் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வழக்குகளிலும் ஒப்பந்தங்களிலும் சிக்கிக் கிடந்தான். 1985இல் கேனன் நிறுவனம் அவனைப் படமாக்கும் உரிமையை 225,000 டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனம் நொடித்தது. உரிமை கைமாறிச் சென்ற கரோல்கோ நிறுவனமும் 1995இல் நொடித்தது. 1996இல் மார்வெலே நொடிப்பு நிலைக்குச் சென்றது. எம்.ஜி.எம்., சோனி போன்ற நிறுவனங்கள் தத்தம் பங்கைக் கோரின. 1999இல் சோனியும் எம்.ஜி.எம்.மும் உடன்பாடு கண்டன. ஜேம்ஸ் பாண்ட் படமெடுக்கும் கோரிக்கையைச் சோனி கைவிட்டது. ஸ்பைடர்மேன் மீதான கோரிக்கையை எம்.ஜி.எம். கைவிட்டது. 2002 மே மாதம் வெளிவந்த படம், முதல் வார இறுதியில் மட்டும் அமெரிக்காவில் 114.8 மில்லியன் டாலர் ஈட்டியது. ஒரே வார இறுதியில் நூறு மில்லியனைக் கடந்த முதற்படம் அதுவே.

மற்றொன்று 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த சித்திரக்கதை. 1986, 1987ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அதைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது, பழைய ஒப்பந்தங்களின்படி உரிமை தன்னிடமே உள்ளது என்று ஃபாக்ஸ் நிறுவனம் 2008 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், படத்தை வெளியிடும் உரிமை ஃபாக்சுக்கு உண்டு என்று நீதிபதி கேரி ஃபீஸ் தீர்ப்பளித்தார். வெளியீட்டுக்கு மூன்று மாதங்கள்கூட இல்லை. 2009 ஜனவரி நடுவில் இரு நிறுவனங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. வசூலில் ஒரு பங்கு ஃபாக்சுக்கு என்று முடிவாயிற்று. மார்ச் 6ஆம் நாள் படம் குறித்தபடி வெளிவந்தது.

வழக்கினால் கிடைத்த விளம்பரம் படத்துக்கு உதவும் என்று சிலர் கருதினர். முதல் வார இறுதியில் 55.2 மில்லியன் டாலர் கிடைத்தது. இரண்டாம் வார இறுதியில் வசூல் 17.8 மில்லியனாகச் சரிந்தது. அமெரிக்காவில் மொத்தம் 107.5 மில்லியன், செலவோ ஏறத்தாழ 130 மில்லியன்.

கணித ஆசிரியர்கள் இவ்விரு படங்களையும் ஆறாம் ஆண்டு வகுப்பில் பயன்படுத்தலாம். மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுக்கச் சொல்லுங்கள். ஸ்பைடர்மேனுக்கு அமெரிக்காவில் மொத்தம் 403.7 மில்லியன், வகுத்தால் 3.5 மடங்கு. வாட்ச்மெனுக்கு இரண்டு மடங்குகூட இல்லை. முதல் வாரத்துக் கூட்டம் எதிர்பார்ப்பினால் வருவது. பிறகு வரும் கூட்டம், பார்த்தவர் பிறரிடம் சொல்லும் சொல்லினால் வருவது. நீண்ட உரிமைப் பிணக்கு இரு படங்களுக்குமே இருந்தது. பார்வையாளரை அது ஈர்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வாட்ச்மென் சிறுவர் தாமே சென்று பார்க்கக்கூடிய படமன்று. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் இருண்ட கதையும் கொண்டது. ஸ்பைடர்மேனைக் குடும்பத்தோடு பார்க்கலாம். வேறுபாடு அங்கே இருந்தது.

ஆகவே, உரிமைப் பிணக்கில் சிக்கிய படம் ஓடுமா என்று மாணவன் கேட்டால், பிணக்கு அதன் வெளியீட்டு நாளைத் தள்ளிவைக்கலாம், இலாபத்தைப் பங்குபோடச் செய்யலாம், ஆனால் கூட்டத்தின் அளவைப் பெரிதும் மாற்றுவதில்லை என்று விடை கூறலாம். இந்த விடை எனக்குச் சற்று வருத்தம் தருகிறது. நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர் எவரும், கதை யாருடையது என்று கேட்பதில்லை என்பதுதானே அதன் பொருள்?

பெயர் கிடைத்தவரும் கிடைக்காதவரும்

2011இல் ஷாருக்கானின் 'ரா.ஒன்' வெளிவருமுன், கதைக்கரு தம்முடையது என்று தொலைக்காட்சித் துறையினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஒரு கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டுப் படத்தை வெளியிடுமாறு மும்பை உயர்நீதிமன்றம் பணித்தது. அப்படத்தில் நம் சிட்டியும் சிறு தோற்றத்தில் வந்து போகிறான்.

2019 டிசம்பரில் வெளிவந்த 'ஹீரோ'வை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சிவகார்த்திகேயன் முகமூடி அணிந்த வீரனாக நடித்த படம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் கல்வியையும், இளையோரின் கண்டுபிடிப்புகளை முடக்கும் பேராசையையும் எதிர்ப்பது அதன் கரு. பிறர் அறிவின் விளைவைப் பறிக்கக் கூடாது என்று பேசிய அப்படத்தின்மீதே, கதை தம்முடையது என்று உதவி இயக்குநர் ஒருவர் உரிமை கோரினார். கே. பாக்யராஜ் தலைமையிலிருந்த தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இரு கதைகளுக்கும் ஒற்றுமை உண்டு என்று கூறியது. படக்குழு அதை ஏற்கவில்லை.

இவற்றுள் ஓரளவு நிறைவு தருவது 2018ஆம் ஆண்டின் 'சர்கார்'. அது மாவீரர் படமன்று. ஆயினும் இங்கே குறிப்பிடத்தக்கது. 'செங்கோல்' என்னும் தம் கதையோடு அது ஒத்திருக்கிறது என்று வருண் ராஜேந்திரன் முறையிட்டார். அதை அவர் முன்னரே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். அக்டோபர் 30ஆம் நாள் உயர்நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டு, படத்தின் தொடக்கத்தில் அவருக்கு ஏற்பு தெரிவிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு வாரத்தில், தீபாவளியன்று, படம் வெளியாகி அரங்குகள் நிறைந்தன. ஒருவருடைய பெயரைத் திரையில் காட்டியதனால் வசூல் குறைந்துவிடவில்லை. மற்ற வழக்குகளில் ஆண்டுகள் எடுத்தது, இங்கே சில நாள்களில் முடிந்ததற்கு அந்தப் பதிவு ஒரு முதன்மைக் காரணம்.

கருவும் வடிவமும்

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்க்கு விளக்காமல் விட்டால், அவர்கள் எல்லாரையும் திருடர் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சட்டம் கருவைக் காப்பதில்லை. கரு எழுத்தில் பெற்ற வடிவத்தையே காக்கிறது. 1978இல் இந்திய உச்சநீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. தம் நாடகத்தைத் தழுவி 'நியூ டெல்லி' என்னும் இந்திப் படம் எடுக்கப்பட்டது என்று நாடகாசிரியர் முறையிட்டார். மாகாண வேற்றுமை பாராட்டுவது இரண்டிற்கும் பொதுவான கரு. அக்கரு வெவ்வேறு வகையில் வளர்க்கப்பட்டிருப்பதால் உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டையும் கண்ட ஒருவர், ஒன்று மற்றொன்றின் நகலே என்று ஐயமின்றி உணர்கிறாரா என்பதே அளவுகோல்.

மனிதனைப்போல் உணரும் எந்திரம் என்னும் கரு உலகப் பொதுச்சொத்து. 'ரோபோ' என்னும் சொல்லையே 1920இல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் நாடகம்தான் உலகுக்குத் தந்தது. ஆகையால் கரு ஒத்திருப்பதைக் கண்டதும் களவு என்று தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. அதே வேளையில், கரு பொது என்னும் சாக்கில் ஒருவரது காட்சிகளையும் நிகழ்ச்சிகளின் அடுக்கையும் எடுத்துக்கொள்ளுதலும் முறையன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைக் காண, இரண்டையும் பொறுமையாக வாசித்தாக வேண்டும். மொழிப்பாடத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் உள்ளது. எழுத்தில் வடித்த படைப்புக்கு, பதிவு செய்யாவிடினும், உரிமை தானே பிறந்துவிடுகிறது. எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் ஐம்பது ஆண்டுகளும் அது நிலைக்கும். விரும்புவோர் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தம் படைப்பை அறிவித்து வைக்கவும் வழியுண்டு. ஞாயிறு மலர்களுக்கும் போட்டிகளுக்கும் சிறுகதை எழுதும் ஆசிரிய நண்பர்கள் பலர் இதை அறிவதில்லை. எழுதிய நாளைக் குறித்து ஒரு படியைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளிவந்த இதழையும் வெட்டி வைக்காமல் முழுதாக வைத்திருங்கள்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

பிள்ளைகளின் வசூல் கணிப்பை நிறுத்த வேண்டும் என்று நான் கூறமாட்டேன். அதில் எண்ணறிவு உண்டு. காரணம் காட்டி வாதிடும் பயிற்சியும் உண்டு. கணிப்போடு மேலும் மூன்று பழக்கங்களைச் சேர்க்கலாம்.

முதலாவது, படத்தைப் பற்றிப் பேசும் மாணவன் கதை, உரையாடல், பாடல் ஆகியவற்றை எழுதியவரின் பெயரையும் சொல்லட்டும். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களைப் படிப்பது நல்ல வாசிப்புப் பயிற்சி. இரண்டாவது, மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கதைக்கும் கீழே தம் பெயரையும் நாளையும் இட்டு, எங்கிருந்தேனும் எடுத்திருந்தால் அதனை ஒரு வரியில் குறிக்கட்டும். "இதைத் தாத்தா சொன்னார்", "இது நூலகப் புத்தகத்தில் வந்தது" என்று எழுதினாலே போதும். குறிப்பிட்டதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறிப்பிட்டவனுக்கு மதிப்பெண் குறைந்து, மறைத்தவனுக்குக் கூடுமானால், நாம் கற்பிப்பது களவையே ஆகும். மூன்றாவது, ஒரே கருவைக் கொடுத்து நால்வரை எழுதச் சொல்லி, நான்கையும் வகுப்பில் வாசியுங்கள். "காணாமற்போன பணப்பை" என்னும் கரு நால்வர் கையில் நான்கு கதைகளாவதைக் காணும் பிள்ளைக்கு, உச்சநீதிமன்றம் சொன்ன வேறுபாடு எளிதில் விளங்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளித் திட்டப்பணியைப் பிள்ளைக்காக நீங்களே இணையத்தில் எடுத்து, அழகாக அச்சிட்டு, பிள்ளையின் பெயரை மேலே எழுதி அனுப்பாதீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், ஐயமில்லை. ஆனால் பிறர் எழுதியதன்மேல் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பதை அந்தப் பிள்ளை முதன்முதலில் கற்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்றாகிவிடும். கோணல்மாணலான கையெழுத்தில், நான்கே வாக்கியமாயினும், பிள்ளை தானே எழுதியதை அனுப்புங்கள். ஆசிரியர்கள் அதை அடையாளம் கண்டு பாராட்டுவார்கள்.

அடுத்த மாவீரர் படம் வரும்போது உங்கள் வீட்டிலும் எத்தனை கோடி என்னும் பேச்சு எழும். பிள்ளையின் கணிப்பை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து உண்மை வசூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தாளில், கதையாசிரியர் பெயர் என்று ஒரு வரியை வெற்றிடமாக விட்டு, அதனையும் நிரப்பச் சொல்லுங்கள்.